படத்துக்கு வைத்த கத்திரிக்காய்

கத்திரிக்காய் படத்தில் செத்த எலி மாதிரி இருந்தது.

ஆனந்தவள்ளி செல்போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். எட்ட வைத்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் எலிதான். காம்பு வேறு வாலைப் போல வளைந்து நின்றது.

"அண்ணாச்சி, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்," என்று பக்கத்துக் கடை மசூதுவிடம் போனை நீட்டினாள்.

மசூது புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறவர். தென்காசி உழவர் சந்தையில் பன்னிரண்டு வருஷமாக அவளுக்குப் பக்கத்துக் கடை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"பொறியில விழுந்ததா, இல்ல மருந்து வச்சியா தங்கச்சி?"

"கத்திரிக்காய் அண்ணாச்சி!"

"சொல்லிட்டுக் காட்டக்கூடாதா? பயந்துட்டேம்லா."

எல்லாம் திங்கட்கிழமை வந்த ஒரு போனால் வந்த வினை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் புதிதாக ஒரு ரிசார்ட் எழும்பியிருக்கிறது. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. யாருக்கும் வாயில் நுழையாததால், கட்டடம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கிறதைப் பார்த்து ஊர்க்காரர்கள் 'கண்ணாடி லாட்ஜ்' என்று வைத்துவிட்டார்கள். அதன் மேனேஜர், ஷாரோன் என்கிற பெண், அவளே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, சீசன் மூணு மாசத்துக்கும் காய்கறி ஒரே ஆள்கிட்ட எடுக்கலாம்னு எங்க சார் நினைக்காங்க. ஒரு நாளைக்கு நாப்பது கிலோ. சனிக்கிழமைக்குள்ள உங்க காயெல்லாம் வாட்ஸப்புல கேட்டலாக் போட்டு அனுப்புங்க. படம் அழகா இருக்கணும். சார் படத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

"காயைப் பாத்து முடிவு பண்ண மாட்டாவளாம்மா? ஒரு கூடை குடுத்து விடுதேன்."

"அதெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி. படம் போதும்."

நாற்பது கிலோ என்ற சொல்லுக்குப் பிறகு ஆனந்தவள்ளிக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. கீழப்பாவூர்க் குளத்துக்குக் கீழே அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர். இந்த வருஷம் அதில் பாதிக்கு மேல் கத்திரி. போன வருஷமும் அப்படித்தான் போட்டு, விலை விழுந்து, மூட்டை மூட்டையாக மாட்டுக்குக் கொட்டி, கடைசியில் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. "இந்தத் தடவையும் கத்திரிக்காய் விக்காம நின்னுட்டுன்னா நிலத்தை வாழைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுருவேன்" என்று புருஷன் நெல்லையப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிலம் போனால் உழவர் அட்டை போகும். அட்டை போனால் சந்தையில் கடை போகும். கடை போனால் ஆனந்தவள்ளி காலை நாலு மணிக்கு எழுந்து என்ன செய்வாள்? நெல்லையப்பன் முகத்தையா பார்த்துக்கொண்டிருப்பாள்?

எலிப் படத்தை ஷாரோனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"ஆன்ட்டி, சாக்கு மேல வைக்காதீங்க. நல்லதா ஏதாவது பின்னால வச்சு எடுங்க."

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்தாள். கல்யாணத்துக்குக் கட்டின அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டிலின் மேல் விரித்தாள். பரணில் சாக்குக்குள் சுற்றிக் கிடந்த பித்தளை உருளியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். உருளி நிறைய வெண்டைக்காய். அதைச் சுற்றிக் கத்திரி, அவரை, சுரை, நடுநாயகமாகச் சாம்பல் பூத்த ஒரு தடியங்காய்ப் பூசணி.

சாப்பிட்டுக் கை கழுவ வந்த நெல்லையப்பன் அறை வாசலிலேயே நின்றார்.

"ஏட்டி, கத்திரிக்காய்க்குக் கல்யாணமா?"

"ஆமா. நீங்க மாப்பிள்ளை வீட்டாரு. தள்ளி நில்லுங்க, நிழல் விழுது."

படம் பிரமாதமாக வந்தது. பத்தொன்பது படங்களைக் கேட்டலாக்கில் ஏற்றி ஷாரோனுக்கு அனுப்பினாள். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் ஸ்டேட்டஸிலும் போட்டாள்.

ஐந்தாவது நிமிஷம் முதல் கேள்வி வந்தது.

"சேலை என்ன விலை?"

"கத்திரிக்காய் கிலோ முப்பது," என்று பதில் போட்டாள்.

"சேலையோட சேர்த்தா?"

வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர், உருளி என்ன எடை, பழைய பித்தளையா என்று கேட்டார். இன்னொருவருக்குக் கட்டில் தேக்கா வேம்பா என்று தெரிய வேண்டும். வெண்டைக்காயை ஏனென்று கேட்க நாதியில்லை.

அப்புறம் ராயகிரியிலிருந்து போன் வந்தது. நெல்லையப்பனின் அக்கா, உமா மகேஸ்வரி.

"என்ன வள்ளி, வியாபாரம் ஜோரா நடக்கு போலுக்கு?"

"ஏதோ நடக்கு மதினி."

"படம் பாத்தேன். வெண்டைக்காய் நல்லாருக்கு."

ஆனந்தவள்ளிக்கு நெஞ்சு குளிர்ந்தது. காயைப் பற்றிப் பேசிய முதல் ஆள்! "நம்ம வயல்ல காச்சது மதினி."

"வெண்டைக்காய் இருக்க உருளி?"

ஆனந்தவள்ளி கட்டிலில் கிடந்த உருளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மை செத்த வீட்டுல தேடு தேடுன்னு தேடினோமே, ஒரு பக்கக் காது நசுங்கின உருளி. கள்ளன் தூக்கிட்டுப் போயிட்டான்னு நீதான சொன்ன? அந்தக் கள்ளன் இப்போ உன் வீட்டுல இருந்து வெண்டைக்காயா விக்கான்?"

"மதினி, அது வேற உருளி..."

"நாளைக்கு வாரேன். வெண்டைக்காயை எடுத்து வெளிய வச்சிரு. உருளி அப்படியே இருக்கட்டும்."

புதன்கிழமை உருளி ராயகிரி பஸ் ஏறியது. சமாதானத்துக்கு ரெண்டு கிலோ வெண்டைக்காயும் கூடவே ஏறியது. நெல்லையப்பன் அக்காவை வழியனுப்பிவிட்டு வந்து, "ஒரு படம் எடுத்து எட்டு வருஷக் களவைக் கண்டுபிடிச்சிட்ட. நீ போலீஸ்ல இருக்க வேண்டியவ," என்றார்.

ஷாரோனிடமிருந்து பதில் வந்திருந்தது. "படம் நல்லாருக்கு ஆன்ட்டி. ஆனா சேலை கண்ணை இழுக்கு. பின்னால ஒண்ணுமே வேண்டாம். வெறும் சுவர் போதும்."

வெறும் சுவர் என்றால் முன்வாசல் சுவர்தான். பொங்கலுக்கு வெள்ளையடித்தது, இன்னும் பளிச்சென்று இருந்தது. அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, காயை ஒவ்வொன்றாக உட்கார வைத்து எடுத்தாள். வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று நாலடி தள்ளி நின்று எடுத்ததில், சுவரோடு ஒரு ஜன்னலும், பின்னால் தென்னையும், அதற்கும் பின்னால் மேகம் மூடின மலையும் சேர்ந்து வந்துவிட்டன. அதையும் ஸ்டேட்டஸில் போட்டாள். பட்டும் திருந்தாத கை. எந்தப் புண்ணியவான் அதை எடுத்து 'குற்றாலம் சீசன்' என்கிற குழுவில் போட்டானோ, வியாழக்கிழமை காலை சந்தையில் தராசைத் தூக்க விடாமல் போன் அடித்தது.

"ஹலோ, மதுரையிலேருந்து பேசுறோம். படம் பாத்தோம். நல்லாருக்கு."

"சொல்லுங்கம்மா, எத்தனை கிலோ?"

"நாங்க பதினோரு பேரு. ரெண்டு பாத்ரூம் இருக்கா?"

"எதுக்கு?"

"தங்கத்தான். மெயின் அருவிக்கு எவ்வளவு தூரம்?"

"எம்மா, இது காய்க்கடை!"

"அதுவும் நல்லதாப் போச்சு. சமையல் நாங்களே பண்ணிக்கிறோம், காய் மட்டும் குடுங்க. வெள்ளிக்கிழமை வந்துரட்டுமா?"

"யாரும் வர வேண்டாம்!"

"சரி, அப்போ சனிக்கிழமை?"

ஒன்பது மணிக்குள் ஏழு பேர் வீடு கேட்டுவிட்டார்கள். அதற்குள் கடையில் நின்ற நாலு பேர் காத்திருந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"தங்கச்சி," என்றார் மசூது, "எனக்கு ஒரு ரூம் சொல்லி வையி. ஜன்னல் பக்கமா."

வீட்டுக்கு வந்து சொன்னால் நெல்லையப்பன் வேறு மாதிரி யோசித்தார்.

"எவ்வளவு குடுப்பாங்களாம்?"

"என்னது?"

"கேட்டா என்ன தப்பு? காயைவிட வீடு நல்லாப் போகும் போலுக்கே."

ஆனந்தவள்ளி பார்த்த பார்வையில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

ஷாரோன் இந்தத் தடவை குரலாகவே அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி, சுவர்னா வீடு மாதிரி தெரியுது. நீங்க வயல்லயே எடுத்துருங்களேன். காய் செடியில தொங்கணும். மேல கொஞ்சம் தண்ணித்துளி இருந்தா சூப்பரா இருக்கும். விலை போடாதீங்க. பேரு, கடை நம்பர், போன் நம்பர் ஒண்ணும் வேண்டாம். உங்க கையும் தெரியக்கூடாது."

ஆனந்தவள்ளி கூப்பிட்டே கேட்டாள். "என் கையில என்னம்மா குத்தம்?"

"குத்தம் இல்ல ஆன்ட்டி. சாருக்கு இயற்கையா இருந்தாத்தான் பிடிக்கும்."

"பேரும் இல்லாம நம்பரும் இல்லாம, யாரு காய்னு உங்க சாருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தான் தெரியுமே ஆன்ட்டி!"

நல்ல பிள்ளை, என்று நினைத்துக்கொண்டாள் ஆனந்தவள்ளி.

வெள்ளிக்கிழமை சந்தைக்கே போகவில்லை. விடிந்ததும் வயலில் இறங்கினாள். தண்ணி தெளிக்க நெல்லையப்பன், கையில் செம்போடு, செடிக்குப் பின்னால்.

"உங்க தலை தெரியுது. குனிங்க."

"குனிஞ்சாச்சு."

"இன்னும்."

"இதுக்கு மேல குனிஞ்சா வரப்புலதான் படுக்கணும்."

"படுங்க."

படுத்தார். படுத்தபடியே கையை மட்டும் தூக்கித் தெளித்தார். துளி நின்றால் வெயில் இல்லை. வெயில் வந்தால் துளி வழிந்தது. ரெண்டும் சேர்ந்து வந்த ஒரு நொடியில் போனில் சார்ஜ் தீர்ந்தது. "நீ போயி சார்ஜ் போட்டுட்டு வா, நான் இங்கன எல்லாத்தையும் சரியா வைக்கேன்," என்றார் நெல்லையப்பன். அவர் தானாக ஒரு வேலையை ஏற்றுக்கொண்டபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து, எரிகிற வெயிலில், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த கண்ணோடு, மடமடவென்று இருபத்தாறு படம் எடுத்தாள். அனுப்பினாள். ஸ்டேட்டஸிலும் போட்டாள்.

"அக்கா, எல்லாக் காயிலயும் ஓட்டை இருக்கே. புழுவா?"

"நல்ல மருந்தா வாங்கி அடிங்க," என்றார் இன்னொருவர்.

ஷாரோன்: "ஆன்ட்டி, கறுப்பா அது என்னது???"

ஆனந்தவள்ளி வீட்டுக்கு ஓடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு காயிலும், கன்னத்தில் வைத்த மாதிரி, அளவாக, வட்டமாக, ஒரு கறுப்புப் புள்ளி.

"இந்தா, இங்க வாங்க. காயில என்ன செஞ்சிய?"

"பொட்டு வச்சேன்."

"எதுக்கு?"

"உன் கண்மைதான். மாடத்துல இருந்தது, வரும்போது எடுத்துட்டு வந்தேன்."

"எதுலன்னு கேக்கல. எதுக்குன்னு கேக்கேன்!"

"ஏட்டி, யோசிச்சுப் பாரு. படம் போட ஆரம்பிச்ச நாள்லேருந்து உருளி போச்சு. வீடு போகப் பாத்துது. எல்லாம் கண்ணுதான். உன் ஸ்டேட்டஸை முன்னூறு பேரு பாத்திருக்கான். முன்னூறு கண்ணு!"

"அறுநூறு," என்றாள் ஆனந்தவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

"தடியங்காய்க்குமா வச்சிய? வாசல்ல திருஷ்டிக்குக் கட்டுத காயில்லா அது! அதுக்கே திருஷ்டிப் பொட்டா?"

நெல்லையப்பன் சற்று யோசித்தார். "அது ஊரான் கண்ணையெல்லாம் தான் வாங்கிக்கிடுது. பாவம், அதுக்குன்னு யாரு இருக்கா?"

ஆனந்தவள்ளி முந்தானையை இழுத்துச் செருகினாள். செம்பை எடுத்தாள், நெல்லையப்பன் அடுத்த பாத்திக்குத் தாவினார்.

கண்மையைத் துடைத்தால் பரவியது. சோப்புப் போட்டால் நுரைத்தது. கத்திரிக்காய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பிள்ளை மாதிரி நின்றது. சரி, படத்திலேயே புள்ளியை எடுக்க வழி உண்டாமே என்று போனை நோண்டினாள். 'அழகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். புள்ளி போனது. கூடவே நிறமும் போனது. கத்திரிக்காய் வெளுத்து, கன்னம் சிவந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பூசின பெண்ணாகச் சிரித்தது.

பொட்டு வைக்காத காய் கடைசிப் பாத்தியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நெல்லையப்பனை மறுபடி வரப்பில் படுக்கப் போட்டாள். இந்த முறை கையைக் கண்ணுக்கு எதிரே நீட்டச் சொல்லி, செம்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சோதித்தாள். சாரல் வேறு லேசாகத் தூறி, துளிகள் தானாக வந்து காயில் உட்கார்ந்தன. எடுத்தாள். சத்தியமாக ஸ்டேட்டஸில் போடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஷாரோன் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி! சூப்பர்! சாருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இதுதான் வேணும்னாங்க. எல்லாப் படத்தையும் தெளிவு குறையாம முழு சைஸ்ல ஒரு தடவை அனுப்பிருங்க."

"இந்தா அனுப்புதேன் தாயி. காய் எப்போ கொண்டுவரணும்? திங்கக்கிழமைக்குப் பறிச்சு வைக்கட்டுமா?"

"வைங்க ஆன்ட்டி, வைங்க. நான் கூப்பிடுறேன்."

ஆனந்தவள்ளி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டு, பத்துப் பத்துக் கிலோவாக நாலு மூட்டை கத்திரி பறித்தாள். திங்கட்கிழமை விடியற்காலை ஆட்டோ வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்து கடை நிறைய அடுக்கினாள். மெஸ் நடத்துகிற பால்வண்ணநாதன் வழக்கம்போலப் பதினைந்து கிலோ கேட்டு வந்தார்.

"இல்லண்ணே. எல்லாம் கண்ணாடி லாட்ஜுக்குச் சொல்லியாச்சு."

"நாலு மூட்டையுமா?"

"மூணு மாசத்துக்கும்."

அவர் எதிர்க்கடைக்குப் போனார். அங்கேயே அடுத்த நாளுக்கும் சொல்லி வைத்ததை ஆனந்தவள்ளி காதாலேயே கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. ஷாரோன் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆறாவது தடவை மெசேஜ் வந்தது: 'மீட்டிங்.'

"காய்க்குமா மீட்டிங் போடுவாக?" என்றார் மசூது.

"பெரிய இடம்னா அப்படித்தான் அண்ணாச்சி."

பத்தரைக்கு நெல்லையப்பன் கூப்பிட்டார். குரலை அடக்கிப் பேசினார். "ஏட்டி, வாழைக்காரரு வந்து உக்காந்திருக்காரு. கத்திரிக்காய் போச்சா, நின்னுட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"காப்பி போட்டுக் குடுங்க. பதினோரு மணிக்குச் சொல்லுதேன்."

"ஒரு காப்பி குடிச்சிட்டாரே."

"இன்னொண்ணு குடுங்க!"

சந்தை கலைய ஆரம்பித்திருந்தது. மேலே தகரத்தில் வெயில் ஏற, நாலு மூட்டைக் கத்திரியும் மினுமினுப்புக் குறைந்து வாட ஆரம்பித்தன. ஆனந்தவள்ளி தண்ணி தெளித்தாள். தெளிக்கும்போதே, இதையும் ஒரு படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. தன் கையிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் ஈரத்தலையும் தோளில் துண்டுமாக ஒரு அம்மா கடைமுன் வந்து நின்றாள். அருவியில் குளித்துவிட்டு வருகிற வெளியூர்க்காரி. கையில் போன். கத்திரிக்காயைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி கத்திரிக்காயைப் பார்த்தாள்.

ஆனந்தவள்ளி எட்டி அந்தப் போனைப் பார்த்தாள். அவள் வயல். அவள் செடி. அவள் எடுத்த துளி.

"அண்ணாச்சி! இங்க ஓடி வாங்க! என் படம்! என் படத்தைப் பாத்துட்டு ஆளு வந்தாச்சு!"

மசூது வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தார். பார்த்தார். "அடேயப்பா! நிசந்தான் தங்கச்சி," என்றார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை.

"வாங்கம்மா வாங்க. படத்துல உள்ள அதே காய்தான், அதே செடியில நேத்துப் பறிச்சது," என்று ஆனந்தவள்ளி தராசை எடுத்தாள். "எத்தனை கிலோ போட?"

அந்த அம்மா ஒரு காயை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏம்மா, இது நாங்க தங்கியிருக்கிற கண்ணாடிக் கட்டட ரிசார்ட்டுல, 'எங்கள் சொந்தத் தோட்டம்'னு வெப்சைட்டுல போட்டிருக்கிற படமாச்சே, அங்கேயிருந்து இதையெல்லாம் உங்களுக்கு யாரு திருடிட்டு வந்து குடுக்கறா?"